தும்பைப்பூவுக்குப் பின்னால் ஒரு காய்ந்த புல்

தும்பைப்பூவை முதன்முதலில் மேக்ரோ லென்ஸில் (சின்னப் பொருளை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் லென்ஸ்) எடுத்தபோது நாற்பது படமாவது எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், எல்லாவற்றிலும் பூவுக்குப் பின்னால் வெயில் பட்ட காய்ந்த புல் ஒன்று வெள்ளைக் கோடாகக் குறுக்கே ஓடுகிறது. எடுக்கும்போது கண்ணில் படவே இல்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்.

ஃபோகஸ் இல்லாத இடத்தில் உருவம் கரையும், வெளிச்சம் கரையாது. சருகு, இலைச் சந்தில் தெரியும் வானம், வெள்ளைச் சுவர் எல்லாம் பளிச்சென்ற திட்டுகளாகிக் கண்ணை இழுக்கும். கேமராவை அரைச் சாண் இறக்கிப் பாருங்கள், பின்னணியே மாறிவிடும். நிழலில் இருக்கும் புதர் பின்னால் வந்தால் வெள்ளைப் பூ தானாக எழுந்து நிற்கும். பூவை அதே அளவில் எடுத்தாலும், 50 எம்எம் லென்ஸைவிட 100 எம்எம்மில் பின்னணி குறைவாகத்தான் விழும். அதனால் இந்த வேலை அதில் சுலபம். காய்ந்த புல்லை விரலால் ஒதுக்கலாம், சரி. படத்துக்காகப் பக்கத்துச் செடியைப் பிடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அப்புறம் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. எஃப் எண் ஏற ஏறத் துளை சின்னதாகும், தெளிவாக விழும் ஆழம் கூடும். பூ முழுக்கத் தெளிவாக வேண்டுமென்று எஃப்/22 வரை போனால் பின்னாலிருக்கும் குப்பையும் தெளிய ஆரம்பிக்கும், சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படமும் மழுங்கும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது), 1:1 அளவில், அதாவது பூ சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்போது, எஃப்/8-இல் தெளிவாக விழுவது சுமார் 1 மில்லிமீட்டர் ஆழம்தான். அதை எங்கே வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சங்குப்பூ தட்டையானது, அதன் முகத்துக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும், கொஞ்சம் சாய்ந்தாலும் பாதிப் பூ போய்விடும். எருக்கம்பூவில் கிரீடம் ஒரு மட்டத்தில், இதழ்கள் இன்னொரு மட்டத்தில். நான் கிரீடத்தின் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு இதழ்களை விட்டுவிடுவேன்.

பூவை நட்டநடுவில் வைப்பதைப் பெருங்குற்றமாகச் சொல்வார்கள். மேலிருந்து எடுக்கும் வட்டமான பூவுக்கு நடுதான் அழகு. வளைந்து தொங்கும் செங்காந்தள் மொட்டுக்கு மட்டும் அது குனியும் பக்கம் இடம் விடுங்கள். இதழ் நுனி ஃப்ரேம் ஓரத்தில் அரைகுறையாக வெட்டுப்படுவதுதான் எனக்குப் பொறுக்காது. வெட்டுவதென்றால் துணிந்து வெட்ட வேண்டும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னணி சரிவரவில்லையா? கரும்பச்சைத் துணியோடு ஒருவரை இரண்டடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள், மடிப்புகூடத் தெரியாது. என் தம்பியின் லுங்கி இப்படிப் பல பூக்களுக்குப் பின்னால் காடாக நின்றிருக்கிறது.