சுங்கை சிப்புட்டிலிருந்து சயாம்: சொந்தக் காரில் மூன்று வாரம், கைக்கு அடங்கிய செலவில்

மலேசியாவில் எங்கள் ஊரில் யாராவது "சயாம் (தாய்லாந்து) போய்வந்தேன்" என்றால், பெரும்பாலும் அது ஹாட்யாயில் இரண்டு இரவுதான். போகும் வழியெல்லாம் அவசரம், அங்கே போனதும் கடைவீதி, திரும்பும்போது காலிப் பணப்பை. நாள்கணக்கில் பார்த்தால் அதுதான் ஆக விலைகூடிய பயணம். மூன்று வாரம் ஒதுக்கி மெதுவாகப் போனால் ஒரு நாளுக்கு ஆகும் செலவு நன்றாகவே இறங்கும். முதல் முறை சொந்தக் காரில் எல்லை தாண்டுபவர்களுக்காக, எந்த வரிசையில் திட்டமிடுவது என்று இங்கே எழுதுகிறேன்.

படி 1: மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தென் தாய்லாந்தின் இரண்டு கரைக்கும் மழை ஒரே நேரத்தில் வராது. கிராபி, ரானோங் இருக்கும் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழை. சொங்க்லா, நாக்கோன் சி தம்மராட் இருக்கும் கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நவம்பரில் ஹாட்யாய் வெள்ளத்தில் மூழ்குவது செய்தியில் அடிக்கடி பார்ப்பதுதான். இரண்டு கரையையும் சுற்ற நினைத்தால் பிப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்ப் புத்தாண்டான சொங்க்ரான். தண்ணீர் விளையாட்டு பிடிக்கும் என்றால் சரி, ஆனால் அறை வாடகை ஏறிவிடும். நம் பள்ளி விடுமுறையிலும் சீனப் பெருநாளிலும் ஹாட்யாய் முழுக்க மலேசிய வண்டிகள்தான். அந்த நாட்களைத் தவிர்த்தாலே பாதி மிச்சம் பிடித்த மாதிரி.

படி 2: போன வழியே திரும்பாதீர்கள்

ஒரு வட்டமாகப் போடுங்கள். நான் சொல்லும் வட்டம் இது: புக்கிட் காயு ஹித்தாம் எல்லைச் சாவடி வழியாக நுழைந்து ஹாட்யாய், அங்கிருந்து திராங், கிராபி, தக்குவா பா, ரானோங். ரானோங்கிலிருந்து நிலத்தைக் குறுக்கே வெட்டி சும்போன். பிறகு சூராட் தானி, நாக்கோன் சி தம்மராட், சொங்க்லா என்று கிழக்குக் கரையில் இறங்கி மறுபடி எல்லை. தாய்லாந்துக்குள் ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர். அங்குமிங்கும் சுற்றுவதையும் சேர்த்து 1,700 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாலைகளில் டோல் கிடையாது.

வழியில் நமக்கு ஒட்டிய விஷயங்களும் இருக்கின்றன. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்தத் தக்குவா பாதான் என்றும், மாதமாலிங்கம் நாக்கோன் சி தம்மராட் பகுதி என்றும் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கடாரம் நம் கெடா என்பது எல்லாருக்கும் தெரியும். தக்குவா பா அருகே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஒரு குளத்தைப் பற்றியும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைப் பற்றியும் அது பேசுகிறது. நாக்கோன் சி தம்மராட்டில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் பழைய சிறு கோயில்கள் உண்டு.

ரானோங்கிலிருந்து சும்போன் போகும் சாலை வேறு மாதிரி. 1943இல் ஜப்பானியர்கள் சும்போனிலிருந்து கிரா ஆற்றுப் பக்கம் ஒரு ரயில் பாதை போட்டார்கள். மரண ரயில் என்றால் நாம் பர்மா பாதையைத்தான் நினைப்போம். ஆனால் இந்தக் குறும்பாதைக்கும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கிளம்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், யாராவது போய் வராமல் போயிருக்கலாம்.

பெத்தோங் பற்றியும் கேட்பீர்கள். கோல கங்சார், கிரிக், பெங்காலான் ஹூலு வழியாக நமக்கு ஆகப் பக்கமான சயாம் அதுதான். தனியாக ஒரு வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து யாலா, பட்டானி வழியாக வடக்கே ஏறும் பகுதியில் பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பிரச்சினை இருக்கிறது. அங்கே நடப்பதற்குப் பல பயணக் காப்புறுதிகள் பணம் தராது. முதல் பயணத்துக்கு அந்த வழி வேண்டாம்.

படி 3: ஊர்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள்

பட்ஜெட் என்றதும் எல்லாரும் அறை வாடகையில்தான் கத்தி வைப்பார்கள். நீண்ட பயணத்தில் பணம் கரைவது ஊர் மாறும் நாட்களில். அன்று எண்ணெய் போகும், வழியில் கண்ட கண்ட இடத்தில் சாப்பிடுவோம், களைப்பில் கிடைத்த முதல் அறையை எடுப்போம். ஒரே ஊரில் மூன்று நான்கு இரவு தங்கினால் வாடகை பேசிக் குறைக்கலாம், துணியை நாணயம் போடும் இயந்திரத்தில் துவைக்கலாம், எந்தக் கடையில் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிறார்கள் என்று இரண்டாம் நாளே தெரிந்துவிடும். மேலே சொன்ன வட்டத்தில் ஆறு ஊருக்கு மேல் தங்காதீர்கள். மற்றவை கடந்து போகும் ஊர்களாக இருக்கட்டும்.

இரண்டு பேருக்கு நான் போடும் கணக்கு இப்படி. அறை ஓர் இரவுக்கு 500 பாட், 20 இரவுக்கு 10,000. சாப்பாடு இருவருக்கும் நாளுக்கு 400, 21 நாளுக்கு 8,400. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 1,700 கிலோமீட்டருக்கு 113 லிட்டர். லிட்டர் 40 பாட் என்று தாராளமாகவே வைத்தால் ஏறக்குறைய 4,500. படகு, நுழைவுச்சீட்டு வகையறாவுக்கு 3,000. மொத்தம் 25,900 பாட். ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏழரை பாட் என்று வைத்தால் 3,450 வெள்ளி. எல்லை வரை போய்வரும் செலவு, காப்புறுதி இரண்டும் தனி. இதற்கு மேல் 700 வெள்ளி தொடாத பணமாக இருக்க வேண்டும். அது இல்லை என்றால் மூன்று வாரத்தை இரண்டாகக் குறையுங்கள். அறையின் தரத்தைக் குறைத்து மூன்று வாரம் இழுப்பதைவிட அது மேல்.

ரொக்கத்தை எல்லைக்கு அருகே நம் பக்கம் இருக்கும் சங்லுனிலோ பாடாங் பெசாரிலோ மாற்றலாம். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம். நம் நாட்டின் டூயிட்நவ் கியூஆர் 2021 முதல் அவர்களுடைய பிராம்ப்ட்பே கியூஆருடன் இணைந்திருக்கிறது, ஒட்டுக்கடையில்கூடப் பல இடங்களில் ஸ்கேன் செய்துவிடலாம்.

படி 4: காகிதங்கள்

இதை ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். புதுப்பிக்க 200 வெள்ளி, 60 வயது தாண்டியவர்களுக்கு 100. வருமான வரி பாக்கி, திவால் மாதிரி ஏதாவது பெயரில் இருந்தால் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் பயணத் தடை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். எல்லை வரை போய்த் தெரிந்துகொள்வதில் லாபம் இல்லை.

வண்டி உங்கள் பெயரில் இருந்தால் கிராண்ட் (வண்டியின் பதிவு ஆவணம்) போதும். பேங்க் கடனில் ஓடுகிறது என்றால் பேங்கிடம் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அண்ணன் வண்டி, மாமா வண்டி என்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். ரோட் டேக்ஸ் போனில் இருந்தாலும் ஒரு நகல் அச்சடித்து வையுங்கள்.

காப்புறுதியில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். தாய்லாந்தில் ஓட்ட அவர்களுடைய கட்டாயக் காப்புறுதி வேண்டும். சங்லுனில் சாலையோரக் கடைகளிலேயே கிடைக்கும். அது ஆட்களுக்கு ஏற்படும் காயம், உயிரிழப்புக்கு மட்டும். உங்கள் வண்டி நசுங்கினால் ஒரு காசும் வராது. நம் ஊர்க் காப்புறுதி தாய்லாந்துக்குத் தானாகச் செல்லாது, கூடுதல் பணம் கட்டி நீட்டிக்க வேண்டும். மூன்று வாரம் போகிறவர்கள் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஓட்டுநர் உரிமத்துக்குக் கவலை இல்லை, 1985 ஆசியான் ஒப்பந்தப்படி நம்முடையது அங்கே செல்லும்.

படி 5: வண்டி

நம் நாட்டு வண்டிகளான மைவி, சாகா ஓட்டுகிறவர்கள் ஃபேன் பெல்ட், பிரேக் பேட், ஆயில் பில்டர் ஆகியவற்றை இங்கேயே வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே பட்டறைக்காரர் கெட்டிக்காரராக இருப்பார், பாகம் இருக்காது. வியோஸ், சிட்டி என்றால் அவை அங்கேயும் ஓடுகிற வண்டிகள், பிரச்சினை இல்லை.

எல்லைக்கு முன் டேங்கை நிரப்புங்கள். தனி டின்னில் எடுத்துப் போகாதீர்கள், அது குற்றம். அங்கே பம்பில் கேசஹால் (எத்தனால் கலந்த பெட்ரோல்) 91, 95, ஈ20, ஈ85 என்று வரிசையாக இருக்கும். எண் எத்தனால் அளவைச் சொல்வது ஈ எழுத்து வரும் இரண்டில் மட்டும்தான். நம் வண்டிகளுக்குக் கேசஹால் 95 பொருந்தும். அதில் எத்தனால் 10 விழுக்காடு. ஈ85 பக்கம் போகவே வேண்டாம்.

படி 6: எல்லையில்

தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் கட்டாயம், இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். வண்டிக்கான படிவங்களைக் காப்புறுதி விற்கும் கடைகளே சில வெள்ளிக்கு அச்சடித்துத் தருவார்கள். முதல் முறை அப்படியே செய்யுங்கள்.

மலேசியப் பக்கம் முத்திரை வாங்கிய பிறகு தாய்லாந்துப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு முத்திரை, வண்டிக்குச் சுங்கத்துறைக் காகிதம். அந்தக் காகிதத்தில் வண்டி வெளியேற வேண்டிய கடைசித் தேதி இருக்கும், வழக்கமாக 30 நாள். படம் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கடப்பிதழோடு வையுங்கள். வேப் (மின்-சிகரெட்) இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தாய்லாந்தில் அதற்குத் தடை. கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

படி 7: அங்கே போன பிறகு

இடது பக்க ஓட்டம்தான், அதனால் பயமில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் சாலையோரத்தில் எதிர்த்திசையில் வரும், பெருஞ்சாலை நடுவில் யூ-டர்ன் இடைவெளி இருக்கும். இருட்டியபின் ஓட்டாதீர்கள். உதவிக்குச் சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669. நம் துணைத் தூதரகம் சொங்க்லாவில் இருக்கிறது.

சைவக்காரர்கள் மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து எழுதிய கொடியைத் தேடுங்கள். "ஜே" என்று சொன்னால் புரியும். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் புக்கெட்டிலும் திராங்கிலும் நடக்கும் சைவத் திருவிழா நம் புரட்டாசி விரதத்தை ஒட்டியே வரும். மழை வந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் அந்த நேரம் போனால் சாப்பாட்டுக் கவலையே இல்லை.

கஞ்சா இலை படம் போட்ட பானம், மிட்டாய் எதையும் தொடாதீர்கள். அங்கே கடையில் விற்பது நம் சட்டத்துக்குக் காரணம் ஆகாது. திரும்பும் நாளில், வண்டிக் காகிதத்தைத் தாய்லாந்துச் சுங்கத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். அதை மறந்து வந்துவிட்டால் வண்டி இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் அவர்கள் கணக்கில் நிற்கும், அடுத்த முறை போகும்போது அபராதம் கேட்பார்கள்.