வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறீர்களா? கவனிப்பின் தரத்தைக் கண்டறிவது எப்படி

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவுக்கோ, மறதி நோய் வந்த பாட்டிக்கோ ஏஜென்சி மூலம் ஆள் வைப்பது இன்று சின்ன ஊர்களில்கூட சாதாரணமாகிவிட்டது. மாதாமாதம் பணம் போகிறது. வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால், "நல்ல பொண்ணுதான், அமைதியா இருக்கும்" என்பார்கள். அமைதி நல்ல குணம்தான். ஆனால் அதை வைத்துக் கவனிப்பை எடைபோட முடியாது.

மருத்துவத்தின் தரத்தை அளப்பது பற்றி 1966-இல் அவேடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். ஆளும் வசதியும் எப்படி இருக்கின்றன, என்ன செய்கிறார்கள், அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஏஜென்சிக்காரர்கள் முதலாவதை மட்டும்தான் காட்டுவார்கள்: சான்றிதழ், சீருடை, அடையாள அட்டை. நாம் மூன்றாவதை, அதாவது நோயாளியின் உடம்பையே முக்கியமாக எடுத்துக்கொள்வோம். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு டார்ச் லைட், வாரத்தில் அரை மணி நேரம் போதும்.

படி 1: இன்றைய நிலையை எழுதி வையுங்கள்

குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இந்த ஆறையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் அவரே செய்கிறாரா, உதவி வேண்டுமா, முடியவே முடியாதா என்று குறித்துத் தேதி போடுங்கள். மாதம் ஒரு முறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். தானாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது ஊட்ட வேண்டியிருக்கிறது என்றால் நோய் முற்றியதாலும் இருக்கலாம். ஊட்டினால் சீக்கிரம் வேலை முடியும் என்று ஆள் ஊட்டிவிடுவதாலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

வந்திருப்பவர் யார் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பப்படுகிறவர்கள் எல்லாரும் நர்ஸ் இல்லை. நர்சிங் படிப்புகளில் ஏ.என்.எம். 2 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம் படிக்க வேண்டும். படித்தவருக்கு நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும். குளிப்பாட்டவும் டயப்பர் மாற்றவும் அனுபவமுள்ள அட்டெண்டர் போதும், பல நேரம் அவரே நன்றாகச் செய்வார். இன்சுலின், புண்ணுக்குக் கட்டுப் போடுவது, தொண்டைச் சளியை மெஷின் வைத்து உறிஞ்சுவது போன்ற வேலைகள் இருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். பின்னணி விசாரணையை ஏஜென்சி செய்துவிட்டதாகச் சொன்னாலும், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்புக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

படி 2: உடம்பைப் பாருங்கள்

மற்ற எதற்கும் நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். குளிப்பாட்டும் நேரமோ உடல் துடைக்கும் நேரமோ வசதி. நோயாளியிடம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, பார்க்கும் இடத்தை மட்டும் விலக்கிப் பாருங்கள்.

முதலில் எலும்பு துருத்தும் இடங்கள்: பிட்டத்துக்கு மேலே உள்ள வால் எலும்புப் பகுதி, இரண்டு குதிகால்கள், இடுப்பின் பக்கவாட்டு, கணுக்கால், முழங்கை, பின்னந்தலை. சிவந்திருந்தால் விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்காமல் கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம்மூரில் பலருடைய கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அதனால் தொட்டும் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால் அதே எச்சரிக்கைதான். தானாகத் திரும்ப முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். "ஏர் பெட் இருக்கே சார், திருப்ப வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏர் பெட் உதவிதான், திருப்புவதற்கு மாற்று இல்லை. அதே சமயம், உடல் மிகவும் நலிந்தவருக்கு எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் புண் வரலாம். புண் வந்த முதல் நாளே உங்களிடம் சொன்னாரா என்பதை வைத்து ஆளை எடைபோடுங்கள்.

அடுத்து வாய். டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கில் வெள்ளைப் படிவு, கன்னத்துக்குள் ஒதுங்கிய சோறு, காய்ந்து வெடித்த உதடு எல்லாம் தெரியும். வாய் சுத்தமாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும் என்பது நான் பார்த்தவரை சரியாகவே வந்திருக்கிறது. தொடை இடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, நகம் ஆகியவற்றையும் ஒரு பார்வை.

மேல்கையில் விரல் பதிந்தது போன்ற கன்றல், மணிக்கட்டில் கட்டிய தடம், யாராவது கை ஓங்கினால் முகத்தை மறைத்துக்கொள்வது. இவற்றில் எது தென்பட்டாலும் தேதியுடன் படம் எடுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாகப் பட்டாலே கன்றும், அதனால் உடனே கத்த வேண்டாம். திரும்பத் திரும்ப வருகிறதா, சொல்லும் காரணம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

படி 3: வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள்

பரீட்சை வைப்பது போல நிற்காமல், காபி குடித்துக்கொண்டே பாருங்கள். மூக்குக் குழாய் வழியே உணவு கொடுத்தால், தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். குழாய் நழுவாமல் போட்ட அளவிலேயே இருக்கிறதா என்று ஆள் முதலில் சரிபார்க்கிறாரா? படுக்க வைத்தபடியே ஊற்றினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். இது சின்னத் தவறு இல்லை.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. சக்கர நாற்காலிக்கு மாற்றுவதற்கு முன் பிரேக் போட்டாரா? பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவிவிடலாம். டயப்பர் மாற்றிய கையுறையோடு சாப்பாட்டைத் தொட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 4: எண்ணுங்கள்

முதல் வாரம் ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் ஆகிறது என்று குறித்து வையுங்கள். திடீரென்று பாதியானால் நனைந்த டயப்பரோடு கிடக்கிறார் என்று அர்த்தமாக இருக்கலாம், தண்ணீர் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்றும் இருக்கலாம். மாத்திரை அட்டையையும் எண்ணுங்கள். தூக்க மாத்திரை கணக்குக்கு மேல் தீர்ந்திருந்து, பகலிலும் நோயாளி மயங்கியே கிடந்தால் மருத்துவரிடம் அன்றே பேச வேண்டும். எடை பார்க்க முடிந்தால் மாதாமாதம் பாருங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம், அதாவது 50 கிலோ இருப்பவருக்கு இரண்டரை கிலோ குறைந்தால் அலட்சியம் கூடாது. எழுந்து நிற்க முடியாதவருக்குத் தையல் டேப்பால் மேல்கையை ஒரே இடத்தில் அளந்து குறித்தால் போதும்.

படி 5: நோயாளியிடம் கேளுங்கள்

ஆளைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்கள். "நல்லா பாத்துக்கறாங்களா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி கூப்பிட்டா யார் வந்தா?", "நேத்து எத்தனை மணிக்குக் குளிச்சீங்க?" என்று கேளுங்கள். பேச முடியாதவர் என்றால், ஆள் அறைக்குள் வரும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

படி 6: பார்த்துக்கொள்பவர் தூங்குகிறாரா?

யாரும் கேட்காத கேள்வி இது. '24 மணி நேர ஆள்' என்று ஏஜென்சி விற்கிறது, ஆனால் 24 மணி நேரம் விழித்திருக்கிற மனிதர் உலகத்தில் இல்லை. இரவில் மூன்று நான்கு முறை எழுந்தவர் பகலில் எப்போது தூங்குவார், எங்கே படுப்பார், வாரத்தில் விடுப்பு உண்டா, நீங்கள் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது? கடைசிக் கேள்வியை அவரிடமே கேளுங்கள். பாதிகூடப் போகாத இடத்தில் ஆட்கள் தங்க மாட்டார்கள். அடிக்கடி ஆள் மாறுவதால் கெடும் கவனிப்பை எந்தச் சான்றிதழும் சரிசெய்யாது. கேமரா வைப்பதானால் சொல்லிவிட்டு வையுங்கள், உடை மாற்றும் இடத்திலும் அவர் தூங்கும் இடத்திலும் வேண்டாம்.

படி 7: சரியில்லை என்றால்

அலட்சியமும் அறியாமையும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு முறை சொல்லிக் கொடுத்து, ஒரு வாரம் பாருங்கள். நீங்கள் பார்த்தது சரிதானா என்று சந்தேகம் இருந்தால் வெளி ஆள் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, வரும் நர்ஸிடம் நோயாளியின் முதுகைக் காட்டுங்கள்.

அடித்தது, கட்டிப்போட்டது, பட்டினி போட்டது என்றால் ஒரு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே ஆளை நிறுத்திவிட்டு ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; காவல் நிலையத்துக்கும் போகலாம். முதியவர்களுக்கான உதவி எண் 14567.

மற்ற காரணங்களுக்காக ஆளை மாற்றும்போது பழையவரும் புதியவரும் ஒரு நாளாவது சேர்ந்து இருக்கும்படி ஏஜென்சியிடம் கேளுங்கள்; அந்த ஒரு நாள் கூலி வீணில்லை. அன்றைக்கு மூவருமாக நின்று படி 2-ஐச் செய்து, இருக்கிற புண், கன்றல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.