குறைமாதக் குழந்தையின் சிகிச்சையில் பெற்றோர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

37 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்ததும் பெற்றோர் கேட்கும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "நீங்கள் வெளியே இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் பிறகு நேரும் தவறுகளில் பல இங்கிருந்தே கிளைக்கின்றன. மருத்துவமனை பெற்றோரைப் பார்வை நேரத்தில் வந்துபோகும் விருந்தாளிகளாக நடத்துகிறது. பெற்றோரும் "நமக்கு என்ன தெரியும்" என்று கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

அவர்களுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. எஸ்தோனியாவின் தாலின் நகரில் 1979இல் செவிலியர் போதாத நிலையில், குறைமாதக் குழந்தைகளின் அன்றாடப் பராமரிப்பைத் தாய்மார்களிடமே ஒப்படைத்தார் மருத்துவர் ஆதிக் லெவின். அந்த வழியைப் பின்பற்றி கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. தாயோ தந்தையோ நாளுக்கு 6 மணி நேரமாவது உடனிருந்து பராமரித்த குழந்தைகளுக்கு எடை நன்றாகக் கூடியது, பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது என்று 2018இல் வெளியான முடிவுகள் காட்டின.

"கொஞ்சம் தேறட்டும், அப்புறம் நெஞ்சில் வைக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1.8 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. உடல்நிலை சீராகும்வரை காத்திருந்த குழுவில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம், பிறந்ததுமே கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையை வெற்று மார்பில் தோலோடு தோல் ஒட்டி வைப்பதை, தொடங்கிய குழுவில் 12 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது: பிறந்த உடனே தொடங்க வேண்டும், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை. தானாக மூச்சுவிட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படுகிற, ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு.

ஆசைக்குப் பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுப்பதும் சரியல்ல. தூக்கி மாற்றுவதே அந்த உடலுக்கு அலுப்பு. வைத்தால் ஒரு மணி நேரமாவது விடுங்கள். டயபர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, வெற்று மார்பில் நிமிர்ந்த வாக்கில் சாய்க்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்து, மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழுத்து மடங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். தந்தையின் மார்பும் இதற்கு ஏற்றதே. அவரை மருந்துச் சீட்டோடு மட்டும் அலையவிடுவது வீண்.

தொடும் விதத்திலும் தவறு நேர்கிறது. அன்பு மிகுதியில் முதுகைத் தடவுகிறோம், கன்னத்தை வருடுகிறோம். மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தையின் நரம்புகளால் அதைத் தாங்க முடியாது. ஒரு கையைத் தலையில் குவித்து, இன்னொரு கையால் மடங்கிய கால்களை அணைத்து, அசைக்காமல் வைத்திருங்கள். விரல்களை விரித்து நீட்டினால், முதுகை வளைத்தால், விக்கினால், நிறம் மாறினால், "போதும்" என்கிறது குழந்தை. கை வாய்க்குப் போனால், முகம் தளர்ந்தால் தொடரலாம். இதைப் படிக்க மானிட்டரின் எண்களைவிட்டுக் கண்ணை எடுத்துக் குழந்தையைப் பார்க்க வேண்டும். இன்குபேட்டர் மேல் பொருளை வைப்பதும் அதைத் தட்டுவதும் உள்ளே பேரிரைச்சலாகக் கேட்கும்.

குழந்தை இன்னும் சப்பவில்லையே என்று பால் எடுப்பதைத் தாமதிக்காதீர்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரவையும் சேர்த்து நாளுக்கு 8 முறையாவது எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் நாளில் சில சொட்டுச் சீம்பால்தான் வரும், அதுவே விலைமதிப்பற்றது. தாய்ப்பால், குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய குடல் அழற்சியின் அபாயத்தைக் குறைக்கிறது. எவ்வளவு முயன்றும் போதாவிட்டால் தாய் மேல் பழி போடாதீர்கள். தானமாகக் கிடைக்கும் தாய்ப்பால் இருக்கிறதா என்று கேளுங்கள். சப்பி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றும் ஒத்துவர, கர்ப்ப காலத்தையும் சேர்த்து எண்ணினால், ஏறத்தாழ 34 வாரம் ஆகும். அதற்குமுன் புட்டியைத் திணித்தால் புரையேறும்.

மருத்துவமனைகளுக்கும் சில. நோய்த்தொற்றைக் காரணம் காட்டிப் பெற்றோரை வெளியே நிறுத்தாதீர்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி முழங்கை வரை கழுவக் கற்றுக்கொடுங்கள். கைபேசியைத் தொட்டால் மறுபடி கழுவச் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருப்பவரை மட்டும் தடுங்கள். மறுபக்கம், ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டப் பெற்றோரைப் பயன்படுத்தவும் கூடாது. டயபர் மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது, பயிற்சிக்குப் பின் குழாய்வழிப் பால் கொடுக்கும்போது பிடித்துக்கொள்வது அவர்கள் வேலை. ஊசி மருந்தும் கருவிகளும் உங்கள் பொறுப்பு. மருத்துவர் வார்டு சுற்றி வரும்போது பெற்றோரும் அருகில் நிற்கட்டும், கேள்வி கேட்கட்டும்.

வீட்டுக்குப் போகும் நாளன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. ஓரிரு இரவாவது பெற்றோரே முழுதாகப் பார்த்துக்கொள்ள, செவிலியர் அருகில் இருக்கட்டும். மருத்துவமனையில் மானிட்டர் கண்காணிப்பில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அப்படியே செய்பவர்கள் உண்டு; தூங்கும்போது மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை ஆறாவது மாதத்தில் நான்கு மாதக் குழந்தை போலத்தான் இருக்கும் என்பதையும் முன்பே விளக்கிவிட்டால், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பதறமாட்டார்கள்.