வெள்ளியங்கிரிக்குப் போகிறீர்களா? பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்

இந்த மாசியிலும் கோவை பக்கத்து வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் நின்றபோது, பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே நாலைந்து பேரிடம் பார்த்தேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே ஏறுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். மேலே குளிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இரவு பத்து மணிக்கு அடிவாரத்திலேயே பனியன், சட்டை, ஸ்வெட்டர், கீழே ஜீன்ஸ். ஏறவேண்டிய ஏழு மலையில் முதல் மலையே செங்குத்தான படி. பாதி ஏறுவதற்குள் பனியன் பிழிகிற பதத்துக்கு வந்துவிடும். பருத்தி வியர்வையைக் குடித்தால் லேசில் காயாது. நடக்கிறவரை உடம்புச்சூடு காப்பாற்றும். ஏழாவது மலையில் விடியலுக்காக உட்காருகிறீர்களே, அங்கேதான் வினை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும்; அதோடு காற்று. ஈரத்துணி காய்வதற்கு வேண்டிய சூட்டை உங்கள் உடம்பிலிருந்துதான் உறிஞ்சும்.

முதல் தடவை எனக்குப் பல் தந்தியடித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் காய்ந்த வேட்டியை நீட்டினார். "ஸ்வெட்டர் போட்டிருக்கேனே, அப்புறம் ஏன் குளிருது?" என்று அவரிடமே கேட்டேன். "முதல்ல அதைக் கழட்டு சாமி" என்றார். விறைத்த காலோடு இறங்கிச் சேர மாலையாகிவிட்டது. மறுநாள் காய்ச்சல், இரண்டு நாள் சம்பளம் போச்சு.

சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் டிஷர்ட்டோடு ஏறுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். காய்ந்த பனியன், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா மூன்றும் பைக்குள் நனையாமல் இருக்கட்டும். மேலே போனதும் முதல் வேலை ஈரத்தை மாற்றுவது, செல்ஃபி அப்புறம். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்கிவிட்டு அதே துணியோடு ஏழாவது ஏறும் தம்பிகளே, குளிப்பது உங்கள் பக்தி. மாற்றுத்துணி எங்கே?

செல்போன் டார்ச்

ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கை பாறையில். போனை எதில் பிடிப்பீர்கள்? நெற்றியில் மாட்டும் விளக்கு வாங்குங்கள்.

புது ஷூ

வேண்டாம்.

தடி வாங்காமல் மிச்சம் பிடிப்பது

இறங்கும்போது முட்டி கணக்குக் கேட்கும்.

பாக்கெட் பாக்கெட்டாகத் தின்பண்டம்

வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக் உறையை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே டப்பாவில் மாற்றிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது பெரும்பாலும் நான்தான்.