கார் கூரையில் ஏற்றிப் போக ஒரு சின்ன மீன்பிடி படகு: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. உப்பனாறு, கெடிலம், தென்பெண்ணை, அரியாங்குப்பம் ஆறு, பாகூர் ஏரி, தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வீராணம் என்று உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் சுற்றிலும் கிடக்கின்றன. இத்தனை இருக்கும்போது ஒரே துறையில் படகைக் கட்டிப் போட்டுவிட்டு அங்கேயே போய் உட்காருவதைவிட, காரின் மேல் கட்டிக்கொண்டு அன்றைக்குக் காற்று எங்கே சரியாக இருக்கிறதோ அங்கே போவது எவ்வளவோ மேல். அதனால்தான் கூரையில் ஏற்றுகிற மாதிரி ஒரு படகு சொல்லுங்கள் என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆனால் எத்தனை பேர் உட்காரலாம், என்ன மோட்டார் மாட்டலாம் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதை யார் தூக்குவது, எந்த வண்டி சுமப்பது என்று யோசிப்பவர்கள் குறைவு. நான் பார்த்தவரை வாங்கிய படகு மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடப்பதற்குக் காரணம் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதலில் கூரை. உங்கள் காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் 50 கிலோவை ஒட்டி இருக்கும், பெரிய வண்டிகளில் 75, சிலவற்றில் 100 வரை போகும். அந்தக் கணக்கில் கேரியரின் எடையும் சேர்த்தி என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நல்ல அலுமினியக் குறுக்குக் கம்பி இரண்டு, அதன் பிடிகளோடு, 5 கிலோவுக்கு மேல் வரும். வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் அடித்து வாங்கினால் 15, 20 கிலோ சாதாரணம். அப்படியென்றால் 50 கிலோ தாங்கும் காரில் படகுக்கு மிச்சம் 30 கிலோதான். கார் நிற்கும்போது கூரை மேல் ஆள் ஏறி நின்றாலே ஒன்றும் ஆகவில்லையே என்று வாதம் செய்வார்கள். நிற்கிற காரும் ஓடுகிற காரும் ஒன்றா? பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் மேலே இருக்கிற பாரம் தன் எடையைவிடக் கூடுதல் விசையோடு இழுக்கும், வண்டியும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். கையேட்டில் போட்டிருப்பது அந்த ஓடுகிற நிலைக்கான கணக்கு.

இன்னொன்று, கூரையின் இரண்டு பக்கமும் நீளமாக ரெயில் இருப்பதைப் பார்த்துவிட்டு கேரியர் மாட்டலாம் என்று முடிவு செய்யாதீர்கள். பல மாடல்களில் அது வெறும் அலங்காரம், பாரம் ஏற்றக்கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். அதன் மேல் கம்பியைப் பூட்டி 40 கிலோவை வைத்துக்கொண்டு விழுப்புரம்–நாகப்பட்டினம் நாலு வழிச் சாலையில் போனால், பின்னால் பைக்கில் வருகிறவரின் உயிரோடு விளையாடுகிறோம் என்று அர்த்தம்.

இனி படகின் எடை. கயாக் என்பது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கலான சின்னப் படகு; 10 முதல் 12 அடி வரையிலான பிளாஸ்டிக் மீன்பிடி கயாக் 25 முதல் 40 கிலோ வரும், காலால் மிதிக்கும் பெடல் உள்ளது அதற்கும் மேலே போகும். தட்டை அடி அலுமினியப் படகு 10 அடியிலேயே 40 கிலோவைத் தொட்டுவிடும். நம் கரையில் கையால் அடிக்கும் ஃபைபர் படகை மணலில் இழுக்கவும் அலையில் அடிபடவும் என்றே கனமாக அடிப்பார்கள், அதுதான் அதன் பலம். அதே பட்டறையில் "சின்னதாக ஒன்று அடித்துக் கொடுங்கள்" என்றால் அளவுதான் குறையும், தடிமன் அப்படியே இருக்கும், 10 அடிப் படகு 60 கிலோவைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. கொடுக்கிற விளம்பரத் தாளில் இருக்கும் எடையை நம்பிவிடவும் கூடாது, பல நேரம் அது இருக்கை, துடுப்பு, தூண்டில் குத்தி (தூண்டிலைச் செருகி நிறுத்தும் பிடி) எதுவும் இல்லாத வெறும் உடம்பின் எடையாக இருக்கும். கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

தூக்கிப் பார்க்கவும் சொல்கிறேன், கடையின் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் இரண்டு பையன்கள் கூடப் பிடிக்க அல்ல, தனியாக. காலையில் ஏற்றுவது யாராலும் முடியும். மத்தியானம் திரும்புவதுதான் சோதனை. உப்பனாற்றில் கடல் ஓதம் இறங்கி நீர் வற்றிய நேரம், காலையில் படகை இறக்கிய இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இப்போது முழங்கால் சேறு. படகின் அடியில் சேறு அப்பி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கி, 30 கிலோ கயாக் 35 ஆகியிருக்கும். நாலு மணி நேரம் வெயிலில் துடுப்பு போட்ட தோள். அந்த நிலையில் அதை இழுத்து, கரையேற்றி, தோளுக்கு மேல் இருக்கும் கூரையில் வைக்க வேண்டும். இதற்குத் தெரிந்தவர்கள் மொத்தமாகத் தூக்க மாட்டார்கள். காரின் பின்னால் ஒரு பழைய ரப்பர் மேட்டை விரித்து, படகின் மூக்கைத் தூக்கிப் பின் கம்பியில் சாய்த்துவிட்டு, அப்புறம் வாலைத் தூக்கி முன்னால் தள்ளுவார்கள். ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில் வரும். உயரமான வண்டி வைத்திருக்கிறவர்கள் கூரை அதிகம் தாங்கும் என்று கனமான படகாக வாங்கிவிடுகிறார்கள், அதே வண்டியில் தூக்க வேண்டிய உயரமும் கூடுகிறது என்பது முதல் நாள்தான் தெரியவரும். தனியாகப் போகிறவர் என்றால் 30 கிலோவுக்கு மேல் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

நீளத்தில் இன்னொரு தவறு. நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை வரிச் சலுகைக்காக 4 மீட்டருக்குள் அடக்கிக் கட்டப்பட்டவை. 12 அடிப் படகு 3.66 மீட்டர், காரின் நீளத்துக்குள் அடங்கும். 14 அடி என்றால் 4.27 மீட்டர், முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டு நிற்கும். பாரம் அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194(1ஏ) என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள், இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில்தான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும், சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஃபைபர் பரிசல் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பரிசல் மலிவு, கவிழ்வதும் எளிதில்லை, ஆனால் 6 அடி விட்டத்துக்கு மேல் போனால் காரின் அகலத்தைத் தாண்டிவிடும்.

அடுத்து, எதற்காகப் படகு என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளாமல் வாங்குவது. உட்கார்ந்து தூண்டில் போட்டு கொடுவாவும் செப்பிலியும் பிடிக்க வேண்டுமென்றால் 30 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள கயாக் அருமையாகப் போதும். வீச்சு வலை போடுவேன் என்றால் கதையே வேறு. வலையை விரிக்க நின்று இடுப்பைச் சுழற்ற வேண்டும், ஈய மணியோடு வலை கையை விட்டுப் போகும் நொடியில் உடம்பின் எடை முழுவதும் ஒரு பக்கம் போகும். அதற்கு 4 அடி அகலத்துக்குக் குறையாத தட்டை அடிப் படகு வேண்டும். அது கனம், எனவே இரண்டு ஆள், பெரிய வண்டி. இரண்டையும் ஒன்றிலேயே சாதிக்கப் பார்த்தால் நிற்கவும் முடியாத, தூக்கவும் முடியாத ஒரு நடுவாந்திரப் படகுதான் மிஞ்சும். படகு தாங்கும் எடை 180 கிலோ என்று எழுதியிருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 120 கிலோவைத்தான் கணக்கில் வையுங்கள். 80 கிலோ ஆள், நங்கூரம், ஐஸ் பெட்டி, தண்ணீர், தூண்டில் பெட்டி என்று சேர்த்தால் அது நிரம்பிவிடும்.

மோட்டார் ஆசை எல்லோருக்கும் வரும். படகின் பின்னால் மாட்டும் இரண்டு, இரண்டரை குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டார் (அவுட்போர்டு) 13 முதல் 18 கிலோ. மின்சார மோட்டார் லேசுதான், ஆனால் 100 ஆம்பியர்-அவர் பழைய வகை ஈய பேட்டரி மட்டும் 30 கிலோவை ஒட்டி வரும், லித்தியம் வாங்கினால் 11 முதல் 13 கிலோவில் முடியும், விலை கூட. இதையெல்லாம் கூரையில் ஏற்றப் போவதில்லை, டிக்கியில்தான் வைக்கிறோம், சரி. ஆனாலும் தண்ணீர் வரை சுமப்பதும் நாம்தானே. மோட்டார் மாட்டினால் பதிவு, அனுமதி என்ன வேண்டும் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்னாடியே கேளுங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனித் துறை, ஒரு பக்கம் கேட்டது இன்னொரு பக்கம் செல்லாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் நினைவில் இருக்கட்டும். அது விசைப்படகுகளுக்கானது, உங்கள் மோட்டார் படகை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்பதையும் அதே இடத்தில் கேட்டுவிடுங்கள்.

காற்றடிக்கும் ரப்பர் படகு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மடித்து டிக்கியில் வைக்கலாம், கூரைப் பிரச்சினையே இல்லை. ஏரிக்கு நல்லது. ஆனால் உப்பனாற்றிலும் வெள்ளாற்றிலும் பாலத் தூண்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பியின் ஓடு பிளேடு மாதிரி, லேசாக உரசினாலே போதும். காலையில் கல்லு மாதிரி காற்றடித்த படகு வெயில் ஏறியதும் இன்னும் விறைக்கும், கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும். அலுமினியம் உப்புத் தண்ணீரில் இருக்கலாம், ஆனால் அதில் சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டு தூண்டில் குத்தியைப் பொருத்தினால் அந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், அலுமினியம் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். எந்தப் படகானாலும் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கூடவே கேரியரையும் காரின் கூரையையும், உப்பு நீர் சொட்டியிருக்கும்.

கட்டுவதில் நைலான் கயிறு வேண்டாம், நனைந்தால் நீளும், கட்டிய இறுக்கம் பாதி வழியில் போய்விடும். பாலியஸ்டர் பெல்ட் வாங்குங்கள். லாரிக்குப் போடும் ராட்செட் பெல்ட்டைப் போட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்குவதும் தவறுதான். பிளாஸ்டிக் கயாக்கை அப்படி இறுக்கி, சித்திரை வெயிலில் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால், கம்பி பட்ட இடத்தில் படகின் அடி உள்வாங்கி குழி விழுந்திருக்கும். கையால் இழுத்துப் பூட்டும் சாதாரணக் கொக்கி பெல்ட் இரண்டு போதும், படகைக் கவிழ்த்து வைத்து, மூக்கையும் வாலையும் வண்டியின் இழுவைக் கொக்கியோடு தனித்தனியாகக் கட்டுங்கள். இந்த முன்-பின் கட்டைத்தான் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வேகம் 80-இலிருந்து 100 ஆனால் காற்றின் தள்ளல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடுகிறது, எதிரே ஒரு பஸ் கடக்கும்போது படகின் மூக்கு எகிறும், அதைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கயிறுதான். 80-ஐத் தாண்டாதீர்கள், கிளம்பிப் பத்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள்.

கூரையில் ஏறுகிற அளவு படகு கடலுக்கு இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு அலையைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு நாமும் போகலாம் என்று நினைக்கக்கூடாது, அவர்கள் படகும் வேறு, கை வேறு. முகத்துவாரமும் அப்படித்தான்: நீர் வற்றி ஆறு கடலுக்கு ஓடும் நேரத்தில் எதிரே கடல்காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். ஆனி ஆடியில் காலையில் அடிக்கும் கச்சான் என்கிற மேல்காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், 30 கிலோ படகைத் துடுப்பால் எதிர்த்துத் திருப்புவது சாமானியம் இல்லை. வீராணம் ஏரிதானே என்றும் இருந்துவிட முடியாது, 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், மத்தியானக் காற்றில் அங்கேயும் அலை எழும். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் செருகாமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல்துறைக்கு 1093, இரண்டும் போனில் இருக்கட்டும், போன் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.

எங்கே இறக்குவது என்பதையும் வாங்குமுன்பே விசாரியுங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் வனத்துறையின் காடு, அனுமதி இல்லாமல் சொந்தப் படகை இறக்க முடியாது. ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையைப் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் கேட்காமல் இறக்கினால் சண்டைதான், நியாயமும் அவர் பக்கம்தான்.

பழைய படகு வாங்கினால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஃபைபர் என்றால் அடியில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், ஒரு இடத்தில் மட்டும் மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் என்றால் தண்ணீர் வடியும் துளை, இருக்கைத் துளை ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் என்றால் உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வெளியே எந்த ரிவெட்டில் கசிகிறது என்று பாருங்கள். அப்புறம் முழங்கால் தண்ணீரில் படகைக் கவிழ்த்து, உள்ளே தண்ணீர் நிரப்பி மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். மிதக்க உள்ளே ஃபோமோ காற்றறையோ இல்லாத படகு அப்படியே அடியில் போகும். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு படகு பாருங்கள்.