படித்த கல்லூரிக்கு உயிலில் ஸ்காலர்ஷிப் எழுதப் போகும் பட்டாளத்துக்காரருக்கு

பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள், பென்ஷன் போதும், படித்த கல்லூரிக்கு ஏதாவது விட்டுப் போகலாம் என்று நம் ஆட்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பி.யூ.சி.யோடு (அந்தக் காலத்துப் புகுமுக வகுப்பு) பட்டாளத்துக்கு ஓடிப்போனவர்கள் உட்பட. நல்ல எண்ணம்தான். ஆனால் "என் கல்லூரிக்குப் பத்து லட்சம்" என்று உயிலில் ஒரு வரி எழுதிவிட்டால் அது தானாக ஒரு பிள்ளையின் ஃபீஸாக மாறிவிடாது. பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கென்று உயில் எழுதிவிட்டு 1794இல் இறந்தார். அந்தப் பணம் தகராறிலும் கோர்ட்டிலும் கிடந்து, அதிலிருந்து பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். அதுதான் பிற்பாடு பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. நடுவில் போனது 48 வருஷம்.

முதலில், உங்களால் எதை எழுதிக் கொடுக்க முடியும் என்று பாருங்கள். குடும்ப பென்ஷனை உயிலில் எழுத முடியாது, அது விதிப்படி மனைவிக்கோ தகுதியுள்ள வாரிசுக்கோதான் போகும். நீங்கள் சம்பாதித்த வீடு, மனை, வங்கிப் பணம் இவற்றை எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும். முஸ்லிம் நண்பர்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. தர்மத்துக்கு உயில் எழுதினால் அதன் பிறகு ஒரு வருஷமாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று கிறிஸ்தவர்களைப் பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படிச் சொன்ன சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003இலேயே ரத்து செய்துவிட்டது.

அப்புறம் கல்லூரிக்கு நேரில் போங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. உதவி பெறும் கல்லூரியோ தனியார் கல்லூரியோ, பெரும்பாலும் அதை நடத்துவது ஒரு டிரஸ்ட் அல்லது சங்கம், பணத்தைச் சட்டப்படி வாங்கப் போவதும் அதுதான். அதன் பதிவுப் பெயரை எழுத்து பிசகாமல் கேட்டு வாங்குங்கள். அரசுக் கல்லூரி என்றால் எண்டோமென்ட் பணம் (அசலை வைத்து வட்டியில் உதவும் நிதி) எந்தக் கணக்கில் போகும், யார் கையெழுத்து என்று எழுத்தில் கேளுங்கள். முதல்வர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வாய்ப்பேச்சு அவர்களோடு போய்விடும்.

என் யோசனை, உயிரோடு இருக்கும்போதே ஒரு லட்சமோ என்ன முடியுமோ அதைப் போட்டு அதே ஸ்காலர்ஷிப்பைத் தொடங்கிவிட்டு, உயிலில் "அந்த நிதியோடு சேர்க்கவும்" என்று எழுதுவது. வருமான வரியில் நன்கொடைக்கான கழிவெல்லாம் (80ஜி என்று சொல்லிப் பழகியது) உயிரோடு கொடுப்பதற்குத்தான், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு. அதைவிட முக்கியம், கல்லூரியின் லட்சணம் தெரிந்துவிடும். நான் ஒரு இடத்தில் இப்படிப் போட்டுவிட்டு மூன்றாம் வருஷம் போய்க் கேட்டால், பணம் யாருக்குப் போனது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து லட்சத்தை அங்கே எழுதாமல் தப்பித்தேன்.

நிபந்தனைகளில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "எங்கள் ஊர், எங்கள் ரெஜிமென்ட், இயற்பியல், 80 சதவீதம்" என்று இறுக்கினால் ஆளே கிடைக்காமல் பணம் வங்கியில் தூங்கும். படைவீரர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, அப்படி யாரும் இல்லாவிட்டால் ஏழை மாணவர் எவருக்கும் என்று எழுதுங்கள். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகை பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 தருகிறது, ஆனால் அது தொழில்சார் படிப்புகளுக்கு; சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் ஹவில்தார் மகளுக்கு அதில் இடம் இல்லை, உங்கள் பணம் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10 லட்சம், 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 70,000. முழுவதையும் கொடுத்துவிட்டால் பதினைந்து வருஷம் கழித்து அதே 70,000 ஒரு செமஸ்டருக்குக்கூடப் பத்தாமல் போகலாம், அதனால் கால் பங்கு வட்டியை அசலோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "என் சொத்துகளிலிருந்து ரூபாய் பத்து லட்சத்தை, இன்ன கல்லூரியை நடத்தும் இன்ன டிரஸ்டுக்கு, அசலைத் தொடாமல் வட்டியிலிருந்து உதவித்தொகை வழங்குவதற்காக விட்டுச் செல்கிறேன். அக்கல்லூரி பெயர் மாறினாலோ வேறொன்றோடு இணைந்தாலோ அதன் தொடர்ச்சியான நிறுவனத்துக்கும், மூடப்பட்டால் இன்ன கல்லூரிக்கும் இத்தொகை சேரும்." குறிப்பிட்ட எஃப்டி நம்பரை எழுதாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த எஃப்டியை உடைத்தீர்களென்றால் ஸ்காலர்ஷிப்பும் அதோடு போச்சு. வங்கியில் மகன் நாமினியாக இருந்தால் பணத்தை வாங்கும் உரிமைதான் அவனுக்கு, பணம் அவனுடையதாகிவிடாது. இதை அவனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள், பிறகு அவனுக்கும் கல்லூரிக்கும் சண்டை வேண்டாம்.

சிப்பாய் வாயால் சொன்னாலே உயில்தான் என்று கேன்டீன் வாசலில் பேசுவதை நம்பாதீர்கள். அந்தச் சலுகை போர்முனையில் இருப்பவருக்கு, ரிட்டயர் ஆன நமக்கு இல்லை. முஸ்லிம்கள் தவிர மற்றவர்களுக்குக் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம், முஸ்லிம் நண்பர்களும் அப்படியே செய்துவிடுவது நல்லது. பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம், இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். சாட்சிகளில் ஒருவர் உங்கள் டாக்டராக இருந்தால் "அப்பாவுக்கு அப்போது நினைவே இல்லை" என்ற பேச்சு எடுபடாது. எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக, உங்கள் பேட்ச் நண்பரைப் போடாதீர்கள், அவருக்கும் எழுபத்தைந்து வயது.

ஒரிஜினலை டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) இருக்கும் அதே ஃபைலில் வைத்து, நகல் ஒன்றை எக்ஸிகியூட்டரிடம் கொடுங்கள். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் வைக்காதீர்கள், அதைத் திறக்கவே வீட்டார் உங்கள் இறப்புச் சான்றிதழோடு அலைய வேண்டியிருக்கும்.