மழைக்கு முன் கறி ஆட்டுப் பட்டியைத் தயார் செய்வது எப்படி?

ஐப்பசி மழையில் புல் முளைத்ததும் நல்லாக் கொழுத்த குட்டியே முதலில் விழும். மேய்ச்சலுக்குப் போகும் வெள்ளாட்டுப் பட்டியில் அந்தச் சாவுக்குப் பெரும்பாலும் துள்ளுமாரி நோயோ (குடலில் கிருமி பெருகி நஞ்சு கக்கும் நோய்) குடற்புழுவோதான் காரணம். இரண்டையும் ஆவணிக் கடைசியிலேயே தடுக்கத் தொடங்க வேண்டும்.

முதலில் குடற்புழு. கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் கவலையில்லை, வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு வயிற்றில் குடியிருக்கிறது. தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. வெள்ளாட்டுக்கு அல்பெண்டசோல் என்ற புழு மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தேவை. 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கும். 20 கிலோ ஆட்டுக்கு 8 மில்லி. 10 சதவீதப் புட்டியும் கடையில் உண்டு, அதில் 2 மில்லிதான், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். எடையைக் குத்துமதிப்பாகக் குறைத்துப் போட்டால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். சினை பிடித்து ஒரு மாதத்துக்குள் உள்ள ஆட்டுக்கு இந்த மருந்து கூடாது, குட்டி ஊனமாகலாம். ஊற்றும்போது தலையை மேலே தூக்காதீர்கள்; மருந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மருந்து கொடுத்து பத்துப் பதினைந்து நாள் கழித்து துள்ளுமாரித் தடுப்பூசி. முதல் முறை போடும் ஆடுகளுக்கு மூன்று வாரத்தில் இரண்டாவது ஊசியும் வேண்டும், அதை விட்டால் முதல் ஊசியின் பலன் நிலைக்காது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு நான்காம் மாதம் போட்டால் மூன்று வருடம் தாங்கும். ஐஸ் பெட்டியில் வராத மருந்தை வாங்கவே வேண்டாம்.

துள்ளுமாரிக் கிருமி ஆட்டுக் குடலில் எப்போதும் இருப்பதுதான். தீவனம் திடீரென மாறி, செரிக்காத மாவுச்சத்து குடலுக்கு வந்தால் அது பெருகி நஞ்சைக் கக்கும். ஆகவே ஊசி போட்டாலும் தீவனத்தை மாற்றுவதில் நிதானம் வேண்டும். பனி காய்ந்து ஒன்பது மணிக்கு மேல், கொஞ்சம் கடலைக்கொடி தின்னவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். ஈரப்புல்லின் நுனிக்குப் புழுவின் இளம்பருவம் ஏறியிருக்கும். அதற்கும் இதுவே காப்பு. அகத்தி, வேலிமசால் தழைகளை ஆடு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் தரையில் மிதித்து வீணாவதும் குறையும். சூபாபுல் தழை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அடர்தீவனம் 10 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப்புண்ணாக்கு 2, கோதுமைத் தவிடு 2, அரிசித் தவிடு 1.7, தாது உப்பு 200 கிராம், சமையல் உப்பு 100 கிராம். 20 கிலோ ஆட்டுக்கு நாளைக்கு 200 கிராம் போதும். முதல் நாள் 50 கிராமில் தொடங்கி வாரம் பத்து நாளில் ஏற்றுங்கள். விதை நீக்கிய கிடாய்க்குத் தவிட்டை மட்டும் அள்ளிப் போட்டால் மூத்திரப் பையில் கல் சேரும்.

கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை ஆட்டிடம் விடாதீர்கள். வயிறு புளித்து, பல்லைக் கடித்து, இடது விலா உப்பும். 20 கிலோ ஆட்டுக்கு 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் நீரில் கரைத்து மெதுவாகப் புகட்டிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனிக் கொட்டிலில் வைத்த பிறகே பட்டியில் சேருங்கள்.